கடல் கடந்த மீன்பாடும் கப்பற் கூலியும்

விழாக் குழுவினர் இம்மலருக்கென நம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டனர். நம் ஆலயம் எழும்பிய வரலாற்றையும் இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசையையும் வேறு பக்கங்களில் பிறர் எழுதியுள்ளனர். கூறியது கூறல் வேண்டாமெனக் கருதி, நம்மைப் போலவே கடலை நம்பியும் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றியும் வாழ்ந்த, ஆனால் நம்மில் எவரும் நேரிற் காணாத ஒரு மீனவ மக்களின் சரித்திரத்தை எழுத முற்பட்டோம்.

அதற்குக் காரணம் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் புறப்படும் இளைஞர் பலர், போகுமுன் பங்குக் குருவின் சான்றுக் கடிதம் கேட்டு வருவது வழக்கம். போவதற்கு என்ன செலவு, அதற்கு எங்கே கடன் வாங்கினோம், வட்டி எவ்வளவு என்பதை ரூபாய் பைசா சுத்தமாகச் சொல்கின்றனர். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார் சாமி" என்ற ஒரே பதில் வருகிறது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் அரசும் வணிகரும் ஏழை மீனவரும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் போராடியிருக்கின்றனர். அந்தக் கதைதான் இது.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், இன்றைய கனடா நாட்டைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து என்றொரு பெருந்தீவு உண்டு. 1497ஆம் ஆண்டு ஜான் கபோட் என்னும் மாலுமி அப்பக்கம் போய் வந்த பிறகு, அக்கடலில் 'காட்' என்னும் மீன் மலிந்து கிடக்கும் செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது. போர்த்துக்கீசியரும் பாஸ்க் இனத்தவரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்டுதோறும் அங்கே கப்பல் விட்டனர். பிடித்த மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரையில் பரண் கட்டிக் காயவைத்தனர். நம் பெண்கள் கடற்கரை மணலில் செய்யும் அதே கருவாட்டு வேலைதான். வெயில் மட்டும் நம்முடையதைப் போல் இல்லை. ஈரலைத் தொட்டியில் இட்டு எண்ணெய் எடுத்தனர். நம் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெய் இந்த மீனின் ஈரலிலிருந்து வருவதே.

இக்கருவாட்டை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சி விலக்கியவர்களுக்கு மீன் வேண்டியிருந்தது. சபை பிரிந்துபோன ஆங்கிலேயர் மீன் பிடிக்க, அதைக் கத்தோலிக்கர் சுத்தபோசனத்துக்கு வாங்கி உண்டனர். வணிகம் வேதம் பார்ப்பதில்லை. இந்தச் சந்தை தென் ஐரோப்பாவில் இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் இத்தொழில் முழுவதும் கப்பல்காரர் கையில் இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்ட்மத், பூல் முதலிய துறைகளிலிருந்து வசந்த காலத்தில் கப்பல்கள் புறப்படும். மேல்காற்றை எதிர்த்துப் போகவேண்டியிருந்ததால் போகும் பயணம் ஐந்து வாரம் வரை நீளும். வரும்போது காற்று பின்னிருந்து தள்ளும். அத்துறைகளில் அரச அதிகாரிகள் இல்லாத காலம் அது. ஆகையால் ஒவ்வொரு துறைக்கும் அவ்வாண்டு முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவனே அந்த ஆண்டுக்கு அத்துறையின் 'அட்மிரல்'. நல்ல இடம் பிடிக்கும் ஆசையில் பனிக்கட்டி உருகுமுன்னரே பாய் விரித்துக் கெட்டவர்களும் உண்டு. தொழிலாளிக்குச் சம்பளமில்லை, மீன்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கப்பலின் ஆட்களுக்கு. இந்த முறையில் கப்பற் கூலி என்ற பேச்சே எழவில்லை. மீன் பிடிப்பவன் கப்பலின் ஆள்; கப்பல் போகும்போது போவான், வரும்போது வருவான்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு புது வகையினர் கிளம்பினர். இவர்களிடம் கப்பல் வாங்கும் வசதி இல்லை. ஆனால் தொழில் தெரியும், கொஞ்சம் கைப்பணமும் உண்டு. இரண்டு மூன்று படகுகளை நியூபவுண்ட்லாந்திலேயே வைத்துக்கொண்டனர். பருவம் முடிந்ததும் படகைக் கரையேற்றி, குளிர்காலத்தில் அங்கேயே தங்கும் யாராவது ஒருவர் காவலில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவர். அடுத்த வசந்தத்தில் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, பிறர் கப்பலில் கூலி கொடுத்துப் பிரயாணிகளாகப் போவர். ஒரு படகுக்கு ஐந்து ஆள்: மூவர் கடலில், இருவர் கரையில் மீன் வெட்டவும் உப்பிடவும். இவர்களை ஆங்கிலத்தில் 'பை போட்' காரர் என்றனர்.

சிறு முதலாளியின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல சான்று நாம் படித்ததில்லை. பெரிய செலவு எது? கப்பல். அதைப் பெரியவன் தலையில் கட்டிவிட்டு, தனக்கு வேண்டிய இடத்துக்கு மட்டும் கூலி கொடுத்தான். உப்பும் உணவும் மட்டும் ஏற்றிக்கொண்டு பாதி வெறுமையாய்ப் போகும் கப்பலில் ஆள் ஏற்றினால் கப்பல்காரனுக்கும் இலாபம்தான். ஆனால் இப்படிப் பிடித்த மீனின் அடக்கவிலை குறைந்தது. சந்தையில் கப்பல்காரரின் மீனோடு அது போட்டியிட்டது. நல்ல தொழிலாளிகளையும் இவர்கள் இழுத்துக்கொண்டனர். கப்பல் முதலாளிகள் அரசனிடம் முறையிட்டனர். 1661ல் வந்த கட்டளைப்படி, கப்பலின் ஆட்களும் தீவில் குடியேறப் போகிறவர்களும் தவிர வேறு எவரையும் நியூபவுண்ட்லாந்துக்கு ஏற்றிச் செல்லக் கூடாது. கட்டளை கட்டளையாக இருந்தது. கப்பல்காரரிலேயே பலர் மறைவாகக் கூலி வாங்கிக்கொண்டு ஆளேற்றினர். கடைசியில் 1699ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு நிபந்தனை: பை போட் காரன் கூட்டிப்போகும் ஆறு பேரில் இருவர் புதியவராய் இருக்கவேண்டும், அவ்விருவரில் ஒருவன் அதற்குமுன் கடலையே காணாதவனாய் இருக்கவேண்டும். கப்பலிலும் ஐவரில் ஒருவன் புதியவன். ஏன் இந்தக் கணக்கு? மீன்பிடித் தொழிலை அரசாங்கம் கடற்படைக்கு ஆள் பழக்கும் பள்ளியாகக் கருதியது. வயலில் மண்வெட்டி பிடித்தவனை அங்கே அனுப்பினால் கடலோடியாய்த் திரும்புவான். போர் வந்தால் பிடித்துப் போர்க்கப்பலில் போட்டுக்கொள்ளலாம். ஆகவே மீனவன் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு மிகுந்த அக்கறை இருந்தது. அந்த அக்கறை மீனவனின் மனைவி மக்களை எண்ணி வந்ததன்று.

இனி அயர்லாந்துக்கு வருவோம். தென்மேற்கு இங்கிலாந்தின் கப்பல்கள் போகும் வழியில் அயர்லாந்தின் தென்கிழக்கிலுள்ள வாட்டர்போர்டு துறைமுகத்தில் நின்று உப்பிட்ட பன்றியிறைச்சி, மாட்டிறைச்சி, வெண்ணெய், பிஸ்கோத்து முதலியவற்றை ஏற்றுவது வழக்கம். அங்கே உணவு மலிவு. அதைவிட ஆள் மலிவு. வேதத்தின் காரணமாக நிலம் வாங்கும் உரிமையும் பொதுப் பதவியும் மறுக்கப்பட்டிருந்த கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகள் துறைமுகத்தில் வரிசையாய் நின்றனர். 18ஆம் நூற்றாண்டில் இது பெருவெள்ளமாயிற்று. ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் 1776ல் வாட்டர்போர்டுக்கு வந்து, கேட்டறிந்தவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 60 முதல் 80 கப்பல்கள். அவற்றில் 3,000 முதல் 5,000 பேர் வரை பிரயாணிகள். தொழில் மார்ச்சு முதல் நவம்பர் வரை. முதன்முறை போகிறவனுக்குக் கப்பலில் இலவச இடமும் பருவத்துக்கு 5 முதல் 7 பவுனும். பழகியவனுக்கு 18 முதல் 25 பவுன். சிக்கனமானவன் 12 முதல் 16 பவுன் வரை வீட்டுக்குக் கொண்டு வருவான் என்றும் குறிக்கிறார்.

அவர் எழுதியதில் நம் கண்ணை நிறுத்திய வரி ஒன்றுண்டு. போகும் கூலி இலவசம். திரும்பி வரும் கூலி 2 பவுன், அதைத் தொழிலாளியே கொடுக்கவேண்டும். முதல் ஆண்டுக்காரன் கணக்கைப் பாருங்கள். 5 பவுன் சம்பளம். அங்கே குளிருக்கு உடை, கால்சட்டை, காலணி, புகையிலை, ரம் சாராயம் எல்லாம் முதலாளியின் கடையிலேயே, முதலாளி சொன்ன விலையில், பேரேட்டில் எழுதி வாங்கவேண்டும். கணக்கு முடிக்கும் நாளில் 2 பவுன் மிஞ்சினால் ஊர்; மிஞ்சாவிட்டால் தீவு.

ஏன் திரும்புகாலுக்கு மட்டும் இந்தத் தனிக் கூலி? மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். போகும்போது கப்பலில் வெற்றிடம் இருந்தது. ஆளை ஏற்றுவது இலாபம். திரும்பும்போது அதே கப்பல் நிறையக் கருவாடு. அதுவும் அயர்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ போகாமல் நேரே லிஸ்பனுக்கோ காடிஸுக்கோ இத்தாலிக்கோ சந்தை தேடிப் போயிற்று. மீனவனுக்கு அதில் இடமுமில்லை, அவன் போகவேண்டிய ஊருக்கு அது போகவுமில்லை. அவனை வீட்டுக்குக் கொண்டு போகத் தனியே ஒரு கப்பல் வேண்டும். தனிக்கப்பலுக்குத் தனிக்கூலி வேண்டும். வேலைக்கு ஆள் வேண்டிய நாளில் முதலாளி கூலி கொடுத்தான். வேலை முடிந்த நாளில் அவனுக்கு ஆள் வேண்டாம். ஊருக்குப் போகவேண்டியது ஆளுக்குத்தான். எனவே ஆள் கொடுக்கவேண்டும். நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான் எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை இழந்தனர்.

திரும்ப முடியாதவர் நிலை என்ன? நியூபவுண்ட்லாந்தின் குளிர்காலம் நமக்குக் கற்பனைக்கும் எட்டாதது. துறைமுகமே உறையும். பரண் பிரித்து விறகாக எரித்தனர், பிறர் குடிசையில் ஒதுங்கினர், சிலர் திருடினர். நியூ இங்கிலாந்து வணிகக் கப்பல்கள் இலையுதிர் காலத்தில் வந்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் நல்ல வேலை என்று ஆசைகாட்டிப் பலரை ஏற்றிச் சென்றன. ஆட்களை மறைத்துக் கொண்டுபோக மாட்டோம் என்று அக்கப்பல் தலைவர்களிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கியும் அது நிற்கவில்லை.

1755ல் ஆளுநராயிருந்த ரிச்சர்ட் டோரில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் முன்னுரையில் அவரே உண்மையை ஒப்புக்கொள்கிறார். ஆண்டுதோறும் ஐரிஷ் கத்தோலிக்கர் ஏராளமாய்க் கொண்டுவரப்படுகின்றனர். அவர்கள் சம்பளம் சிறிது. வந்த கூலியும் உடைச் செலவும் போக, ஊர் திரும்பவோ குளிர்காலத்துக்கு உணவு வாங்கவோ கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது அதன் சாரம். ஆகவே பிரயாணிகளைக் கொண்டுவந்த கப்பல் தலைவனே அவர்களைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும் என்றார். நல்ல ஆணை. ஆனால் அதே ஆளுநர் அதே ஆண்டில், திருப்பலி நடந்த வீடுகளைத் தேடிப் பிடித்து அபராதம் விதித்ததோடு, சில இடங்களைக் கொளுத்தவும் செய்தார். ஐரிஷ்காரன் திரும்பவேண்டும் என்று அவர் விரும்பியதில் இரக்கம் பாதி, அச்சம் பாதி என்றே நாம் கருதுகிறோம். அந்நாளில் குருக்கள் மீனவர் உடையில் மீனவரோடு மீனவராய்க் கப்பலேறி வந்தனர் என்று அத்தீவில் வழிவழியாகச் சொல்வர்.

அடுத்து வந்த சட்டம்தான் முக்கியமானது. 1764 முதல் 1768 வரை ஆளுநராயிருந்த ஹ்யூ பாலிசர் என்ற கடற்படைத் தலைவர், தொழிலாளியின் கணக்கு எங்கே உடைகிறது என்பதைக் கரையில் நின்று பார்த்தவர். அவர் முயற்சியால் 1775ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாலிசர் சட்டம் என்பர். அதன்படி சம்பளத்தை எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்யவேண்டும். பருவம் நடக்கும்போது பாதிச் சம்பளத்துக்கு மேல் பொருளாகவோ பணமாகவோ கொடுத்துத் தீர்க்கக் கூடாது; மீதியைக் கடைசியில் கொடுக்கவேண்டும். முதலாளி நொடித்துப்போனால் அவனிடமுள்ள மீனும் எண்ணெயும் முதலில் தொழிலாளியின் சம்பளத்துக்கே உரியன. மற்றக் கடன்காரர் பிறகு வரவேண்டும். இவற்றோடு, ஒவ்வொரு ஆளின் சம்பளத்திலிருந்தும் 40 ஷில்லிங்குக்கு மேற்படாத ஒரு தொகையை முதலாளி பிடித்து வைத்திருந்து, பருவ முடிவில் அவனை ஊருக்கு ஏற்றிச் செல்லும் கப்பல் தலைவனிடம் நேரே கட்டவேண்டும்.

40 ஷில்லிங் என்பது 2 பவுன். மறு ஆண்டு ஆர்தர் யங் வாட்டர்போர்டில் கேட்டெழுதிய திரும்புகூலியும் அதே 2 பவுன்தான். சட்டம் எழுதியவர்கள் துறைமுகத்தின் நடப்பு விலையை அறிந்தே எழுதினர் என்பது இதனால் விளங்கும். அந்தப் பணத்தைத் தொழிலாளி குடிக்க முடியாது, முதலாளி கடைக்கணக்கில் கழிக்க முடியாது, கடன்காரன் தொட முடியாது. பணம் அவனுடையதுதான், ஆனால் வீட்டுக்குப் போவது தவிர வேறெதற்கும் செல்லாத பணம்.

இச்சட்டத்தின் நோக்கம் கடற்படைக்கு ஆள் சேர்ப்பதே என்று முன்பே சொன்னோம். வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கும் கடுமையும் அதே சட்டத்தில் உண்டு. அது எல்லா இடத்திலும் கைக்கொள்ளப்பட்டதென்றும் சொல்வதற்கில்லை. குளிர்காலத்தில் தீவில் தங்குவோர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. இருந்தாலும், ஏழை மீனவனின் திரும்புகூலியை அவன் வேலை தொடங்கும் நாளிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற அந்த ஓர் எண்ணம் மிகச் சரியான எண்ணம். இன்று நம் தென்கடற்கரையிலிருந்து ஈரானுக்கும் சவூதிக்கும் பஹ்ரைனுக்கும் மீன்பிடிக்கப் போகும் நம்மவரில் பலருக்கும் மீன்பாட்டில் பங்குதான் ஊதியம். பாடு குறைந்த பருவத்தில் பங்கும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. 2020ல் தொற்றுநோய் உலகை முடக்கியபோது ஈரான் துறைகளில் சிக்கிக்கொண்ட நம் மீனவரை மீட்க இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல் போகவேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் அது 687 பேருடன் தூத்துக்குடி துறைமுகம் வந்து சேர்ந்தது. அதற்குமுன் மாதக்கணக்கில், மீன்பிடி படகுகளிலேயே உண்டு உறங்கி அவர்கள் காத்துக் கிடந்தனர். ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன், திரும்பும் டிக்கெட் யார் பேரில், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதி வாங்குங்கள் என நாம் சொல்லும்போது முகம் சுளிக்கும் இளைஞர்களுக்காகவே மேற்கண்ட 40 ஷில்லிங் கதையை இவ்வளவு விரிவாய் எழுதினோம்.

மீண்டும் தீவுக்குச் செல்வோம். திரும்ப முடியாதவரும், திரும்ப மனமில்லாதவருமாக அங்கே ஐரிஷ் கத்தோலிக்கர் பெருகினர். திருவருட்சாதனங்கள் இல்லை, பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நிலையான குரு இல்லை. 1784ல் ஆளுநர் ஜான் காம்பெல், மனச்சான்றுச் சுதந்திரத்தை அறிவித்தார். அதே ஆண்டு ஜேம்ஸ் லூயிஸ் ஓடொனல் என்ற பிரான்சிஸ்கன் குரு, பாப்பரசரால் அத்தீவின் திருச்சபைத் தலைவராக நியமிக்கப்பட்டு வந்திறங்கினார். அவரைக் கேட்டு வாங்கியவர்கள் வாட்டர்போர்டு, செயின்ட் ஜான்ஸ் நகரங்களின் கத்தோலிக்க வணிகர்கள். ஐரிஷ் மொழியில் பிரசங்கம் செய்யத் தெரிந்தவர் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஏனெனில் மீனவர் பலருக்கு ஆங்கிலம் வராது. இதில் நமக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. ஆளை ஏற்றிப்போய்க் கரையில் விட்ட வணிகர் கூட்டத்தாரே, பிறகு அந்த ஆளுக்குக் குருவையும் வரவழைத்தனர். குற்றவுணர்வா, விசுவாசமா, அல்லது ஆட்கள் அமைதியாயிருக்க வேண்டுமென்ற வணிகக் கணக்கா என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது, மூன்றும் கலந்திருக்கலாம். எப்படியாயினும் வந்தவர் நல்ல மேய்ப்பர். 1796ல் கியூபெக் நகரில் ஆயராக அபிஷேகம் பெற்று, மொத்தம் 23 ஆண்டுகள் அங்கே உழைத்து, 1807ல் வாட்டர்போர்டுக்குத் திரும்பி 1811ல் காலமானார்.

பிரெஞ்சுப் போர்கள் நடந்த ஆண்டுகளில் பருவந்தோறும் போய்வரும் தொழில் நலிந்தது. தீவிலேயே குடியிருந்து மீன் பிடிப்போர் கையில் தொழில் முழுவதும் சேர்ந்தது. போர் முடிந்ததும் கருவாட்டு விலை வீழ்ந்தது. 1817 நவம்பரில் செயின்ட் ஜான்ஸ் நகரம் இருமுறை தீப்பற்றி எரிந்தது. அந்தக் குளிர்காலத்தின் பசியைப் பற்றி எழுத இங்கு இடமில்லை.

இவர்கள் வாழ்வின் சுவடு செயின்ட் ஜான்ஸ் கத்தோலிக்க ஆலயத்தின் பழைய திருமணப் பதிவேடுகளில் இருக்கிறது. மணமக்களின் பெயரோடு, அவர்கள் அயர்லாந்தில் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதையும் குருக்கள் பலருக்கு எழுதி வைத்தனர். பதிவேடு எழுதுவதை வீண்வேலை என்று எண்ணும் நம் இளம் குருக்கள் இதைக் கவனிக்கவேண்டும். 200 ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர் அவற்றைப் புரட்டி, இம்மக்களில் பெரும்பாலோர் வாட்டர்போர்டு, வெக்ஸ்போர்டு, கில்கென்னி, டிப்பெரரி ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்து, அந்த ஒரே துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் எனக் கண்டனர். ஐரிஷ் மொழியில் நியூபவுண்ட்லாந்துக்கு 'தலவ் அன் யேஷ்க்' என்று பெயர். மீனின் நாடு என்பது பொருள். அத்தீவின் தென்கரைச் சிற்றூர்களில் முதியோர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்கும் அயர்லாந்துக்காரர், வாட்டர்போர்டுக்காரர்தாம் பேசுகின்றனர் என்று இன்றும் எண்ணிக்கொள்வதுண்டாம்.